முதலில் சில்லர், கடைசியில் பவளம்

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. நான்கு வருடமாக நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது இரண்டடித் தொட்டியில் பவளம், கோமாளி மீன், கடல் சாமந்தி (சீ அனிமோன்) எல்லாம் வைத்து ஒரு சின்னப் பவளப்பாறை அமைக்க ஆசை. கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. தொட்டி, விளக்கு, மீன், பவளம் என்று பட்டியல் போட்டுவிட்டேன். தண்ணீரைப் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து எடுத்து வரலாமா? ராமேஸ்வரம் பக்கம் உறவினர் இருக்கிறார், கல் எடுத்து வரச் சொல்லலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ராமேஸ்வரத்துக் கல்லை முதலில் முடித்துவிடுவோம். தொடவே வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. உயிரற்ற துண்டானாலும் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல் குதிரையும் கடல் அட்டையும் இதில் அடங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டிக்கொண்டே போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் உறவினரிடம் கருவாடு கேளுங்கள், கல் கேட்காதீர்கள்.

இனி உங்கள் பட்டியல். தொட்டி, விளக்கு, மீன், பவளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் தொட்டி தொடங்கும் எல்லோரும் இந்த வரிசையில்தான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். வெளிநாட்டுக்காரர்கள் போடும் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வதால் வரும் கோளாறு இது. அவர்களுக்குத் தொட்டியைச் சூடாக்குவதுதான் கவலை. நமக்கு நேர் எதிர்ப்பக்கம். சென்னையில் கடல் தொட்டி சாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வெயில், மின்வெட்டு, குழாய்த் தண்ணீர். உங்கள் பட்டியலில் இந்த மூன்றுக்கும் ஒரு வரி கூட இல்லை. பட்டியலைத் தலைகீழாகப் பிடித்து, கீழிருந்து தொடங்கலாம்.

முதலில் வெயில். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் பவளத்துக்குச் சாப்பாடு போடுவது அந்தப் பாசிதான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்பு தெரியும். சில வாரத்தில் பட்டினியால் சாகும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவிலேயே இப்படிப் பரவலாக வெளுத்துப்போயின. அத்தனை பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் கூடத்தில் நிற்கும் நூறு லிட்டர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். அறையில் 33 பாகை இருந்தால், பம்பும் விளக்கும் விடும் சூட்டில் தொட்டி அதற்கும் மேலே போகப் பார்க்கும். நமக்கு வேண்டியது 25 முதல் 27 வரை. அதை விடவும் முக்கியம், காலையிலும் மாலையிலும் ஒரே அளவாக இருப்பது.

நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் போதும் என்பார்கள். ஈரோட்டிலோ மதுரையிலோ வறண்ட காற்றில் அது இரண்டு மூன்று பாகை குறைக்கும். கடலோரச் சென்னையில் காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்போது ஆவியாவது குறைவு, குளிர்வதும் குறைவு. ஆகவே சில்லர், அதாவது தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம். பெட்டியின் மேல் 'இத்தனை லிட்டருக்கு' என்று போட்டிருக்கும் கணக்கை நம்பாமல் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். இன்னொன்று: சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கொட்டும். அதைத் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் அடைத்து வைத்தால், தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு நாள் முழுவதும் ஓடும். மின் கட்டணம்தான் ஏறும். பால்கனியை ஒட்டிய சுவர், குழாய் போக ஓர் ஓட்டை, அதுவே சரியான இடம். உங்கள் ஐம்பதாயிரத்தில் பெரும்பங்கு இதற்கே போகும். வலிக்கும்தான்.

அடுத்து மின்சாரம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்போது என்னிடம் மூன்றடித் தொட்டி ஒன்று நன்றாக நிலைத்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு நான்காம் நாள்தான் மின்சாரம் வந்தது. இன்வெர்ட்டர் முதல் இரவு கூடத் தாங்கவில்லை, ஏனென்றால் அதில் வீட்டு மின்விசிறிகளும் இருந்தன. தண்ணீர் சூடாகும் என்றுதான் நான் பயந்தேன். மழைக்குளிரில் சூடு ஒரு பிரச்சினையாகவே இல்லை. மூச்சுதான் பிரச்சினை. 28 பாகையில் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். கடல் நீர் 6.4 அளவுதான். ஓட்டம் நின்றால் மீன், பவளம், கல்லில் உள்ள பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதை இரவுக்குள் தீர்த்துவிடும். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். விடியற்காலை கண்ணயர்ந்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து மீன்களில் நான்கு போயின. மிஞ்சியது ஒரு கோமாளி மீனும், எதற்கும் அசையாத காளான் பவளங்களும்.

அந்த நான்கு நாட்களை முந்நூறு ரூபாய் விலையுள்ள, மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று காப்பாற்றியிருக்கும். இரண்டு வாங்குங்கள், மாற்று மின்கலங்களோடு. தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் வாங்கும்போது நேர்மின்னோட்டத்தில் ஓடும் வகையாகப் பார்த்து வாங்கி, அதை மட்டும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். அது மிகக் குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும். சில்லரை இன்வெர்ட்டரில் கோக்க வேண்டாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீனி போடக் கூடாது. தின்ற மீன் அதிகம் மூச்சு வாங்கும்.

மின்சாரத்தைப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டுத் தப்பித்துவிடுகிறார்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தெறிக்கும் துளி உலர்ந்து பிளக் முழுவதும் உப்புப் படியும். கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் உங்கள் மின்பெட்டியில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்திய பிறகு மற்றதைப் பேசலாம். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி தண்ணீர். பெசன்ட் நகர் வேண்டாம். ஒரு பக்கம் அடையாறு முகத்துவாரம், இன்னும் வடக்கே கூவம். கரையோர நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை மூக்கே சொல்லும். அது போகட்டும், வங்கக் கடலின் உப்பே நிலையானதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீரும் மழை நீரும் சேர்ந்து மேல்நீரின் உப்பு நன்றாக இறங்கிவிடும். ஆயிரத்தில் 35 பங்கு என்ற பவளத் தொட்டிக் கணக்கு அங்கே எல்லா மாதமும் கிடைக்காது.

"அப்படியானால் தூத்துக்குடிக் கல்லுப்பை வாங்கிக் கரைத்தால் என்ன, அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே?" என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும், அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதை வாரியெடுத்ததும் மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். ஆக, மூட்டையில் வருவது சோடியம் குளோரைடு மட்டும். பவளம் தன் எலும்பைக் கட்டத் தேடும் கால்சியமும் மக்னீசியமும் பாத்தியிலேயே பிரிந்துபோய்விட்டன. பாத்தியில் பிரிந்ததையெல்லாம் திரும்ப அளந்து சேர்த்ததுதான் கடைகளில் 'ரீஃப் சால்ட்' என்று விற்கும் கலவை. நூறு லிட்டருக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு பாலாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். ஓர் இரவு பம்பு வைத்துக் கலக்கிவிட்டு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வருகிறதா என்று பாருங்கள்.

உப்பைக் கரைக்கும் தண்ணீர் எது என்பதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் இடறுகிறார்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்து நீர் போதும் என்று நினைக்கிறோம். அந்த இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கட்டுப்படுத்தி என்று ஒரு திருகு இருக்கும். வடித்த நீரில் கொஞ்சம் வடிக்காத நீரைத் திரும்பக் கலப்பதுதான் அதன் வேலை. இதைவிட மோசம், உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் வகைகள். நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும். லாரித் தண்ணீரோ ஆழ்குழாய் நீரோ, அதற்கென்று தனியாக ஆர்.ஓ. வைத்து, அதன் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டீ-அயனைசேஷன் பிசின் உள்ள ஒரு குழலையும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் பூச்சியம் காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். வேளச்சேரி நிலத்தடி நீருக்குப் பிசின் சீக்கிரமே தீரும். பூச்சியம் ஒன்றாக மாறிய நாளிலேயே பிசினை மாற்றுங்கள்.

நன்னீரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆவியானால் தண்ணீர்தான் போகும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத நீர். உங்கள் இரண்டடித் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குறைந்தால் 35 என்பது 35.7 ஆகிவிடும், ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தால் 38ஐத் தாண்டிவிடும். தானாக நிரப்பும் மிதவைக் கருவி ஒன்று போடுங்கள். ஆடம்பரப் பொருள் அல்ல அது.

தொட்டியின் அளவை மறந்துவிட்டேன். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 127 லிட்டர். கல், மணல் போக நூறு லிட்டர் நீர் நிற்கும். இதற்குக் கீழே போகாதீர்கள். சின்னத் தொட்டி தொடக்கக்காரருக்கு எளிது என்பது பொய். நீர் குறையக் குறைய எந்தத் தவறும் வேகமாக ஏறும். கண்ணாடி, கல், மேசை எல்லாம் சேர்த்து இருநூறு கிலோவை நெருங்கும், ஆகவே அறையின் நடுவில் வைக்காமல் உத்தரம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். வாடகை வீடு என்கிறீர்கள், உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் உறக்கத்துக்கு நல்லது.

தொட்டிக்குள் போகும் கல் வெறும் அலங்காரம் அல்ல. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலில் இருந்து உயிரினங்கள் ஒட்டிய கல்லை அப்படியே எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக்குமிழி மட்டும் விட்டு, வடிகட்டிப் பெட்டி ஏதுமில்லாமல் கடல் மீன் வளர்ப்பதை எழுதிக் காட்டினார். கல்லின் துளைகளில் வாழும் பாக்டீரியாவே வடிகட்டி என்பது அங்கிருந்து வந்த பாடம். அந்தக் காலத்தில் கடலில் எடுத்தார்கள். இன்று பீங்கானிலும் சிமெண்ட்டிலும் துளைகளோடு வார்த்த கற்கள் கிடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு இடம் இருந்தால் போதும், கல்லின் பூர்வீகம் அதற்குத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோ வாங்கி, குகையும் இடைவெளியுமாக அடுக்குங்கள். குவித்து வைத்தால் பின்னால் ஓட்டம் போகாமல் அழுக்குச் சேரும்.

கழிவில் வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் சுழற்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். கடல் தொட்டியில் அது இன்னும் மெதுவாக நடக்கும், நான்கு முதல் ஆறு வாரம். மீனை விட்டுச் சுழற்சியைத் தொடங்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அம்மோனியம் குளோரைடு போதும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான், ஆனால் ஆய்வகத் தரத்தில் சுத்தமானது. நூறு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அது ஒரே நாளில் பூச்சியத்துக்கு வந்து, நைட்ரைட்டும் பூச்சியமானால் சுழற்சி முடிந்தது. அதற்குப் பிறகு வருவதுதான் பலரை விரட்டும் கட்டம்: முதலில் பழுப்புப் படலம், பிறகு பச்சை மயிர்ப்பாசி, சில சமயம் சிவப்பு வழுவழுப்பு. வெள்ளை மணலும் கல்லுமாக இருந்தது சாக்கடை மாதிரி ஆகிவிடும். வீட்டில் உள்ளவர்கள் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கைக் குறைத்து, நான்கைந்து நத்தைகளை விட்டு, கையால் பிடுங்கி, மருந்து எதுவும் ஊற்றாமல் இருந்தால் மூன்று மாதத்தில் தானாக அடங்கும். மருந்து ஊற்றியவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கிம்மர் பற்றிச் சுருக்கமாக: பருப்பு வேகும்போது மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுகிறோம் அல்லவா, அதே வேலை. கழிவு அழுகுவதற்கு முன்பே நுரையோடு வெளியேறும். வாங்குங்கள். விளக்கு: மெல்லுடல் பவளங்களுக்கு நடுத்தர விலையில், நீலம் மிகுந்த ஒரு எல்.இ.டி. போதும். விளக்கில் பணத்தைக் கொட்டாதீர்கள். நம் ஊரில் அது சூட்டையும் சேர்த்து வாங்குவதாகும்.

எந்தப் பவளம்? கல் எலும்பு கட்டும் பவளங்கள் சட்டத்தின் பிடியில் இருப்பவை என்று முதலிலேயே சொன்னேன். 'இறக்குமதி' என்று வாயால் சொன்னால் போதாது, தாள் வேண்டும். உங்களுக்கு என் பரிந்துரை காளான் பவளமும் சோவாந்தஸ் என்ற பொத்தான் பவளமும். கல் எலும்பு இல்லாதவை, கடினமானவை, பெருகக்கூடியவை. நன்றாக வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து அவர் தொட்டியிலேயே வளர்ந்த துண்டை வாங்குவது கடையில் வாங்குவதைவிட எல்லா விதத்திலும் மேல். ஓர் எச்சரிக்கையும் உண்டு, பொத்தான் பவளங்களின் உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடவே கூடாது. ஆவியை முகர்ந்து குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் உண்டு.

இந்தப் பவளங்களுக்குக் கால்சியம், காரத்தன்மை என்று தினமும் அளந்து ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து லிட்டர் நீர் மாற்றினால் புதிய உப்பே அதைத் தரும். நாளைக்குப் பெரிய தொட்டி வைத்தால் 'கல்க்வாசர்' என்ற சொல்லைக் கேள்விப்படுவீர்கள். ஜெர்மன் மொழியில் அதற்குச் சுண்ணாம்பு நீர் என்றே பொருள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீர்தான், வேறொன்றுமில்லை. சுத்தமான தரத்தில் வாங்க வேண்டும், கண்ணில் படக் கூடாது, அவ்வளவே. உங்களுக்கு இப்போதைக்கு உப்பு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் நான்கையும் அளந்தால் போதும். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கட்டும். பூச்சியமாக்கிப் பெருமைப்படாதீர்கள், பவளமும் சாப்பிட வேண்டும்.

மீன்கள் இரண்டு அல்லது மூன்று. கோமாளி மீன் ஜோடி நல்ல தேர்வு. அவை எல்லாமே ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று வாங்கினால் அடிதடி குறையும். கடலில் பிடித்ததை வாங்காமல், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியவை. நம் கரையிலேயே இந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது. அப்படி வளர்ந்த குஞ்சு உருண்டைத் தீனி தின்னும், கண்ணாடிச் சுவரைப் பார்த்து மிரளாது. நீல டேங் மீனைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆறடித் தொட்டி இல்லாமல் அது வேண்டாம். மாண்டரின் மீன் அழகிலேயே மயக்கும். கல்லில் ஊரும் நுண்ணுயிர்களை மட்டுமே தின்று, உங்கள் தொட்டியில் அவை தீர்ந்ததும் மெலிந்து சாகும்.

கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையில் மீன் வாங்கி அன்று மாலையே தொட்டியில் விட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே அது நடக்காது. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்குப் பெரும்பாலும் கொடுப்பது செம்பு மருந்து; அந்தச் செம்பைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது. ஆகவே வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, புதிய மீனை அதில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். உங்கள் பழைய நன்னீர்த் தொட்டிகளில் ஒன்றைக் கழுவி எடுத்தால் செலவே இல்லை.

கடல் சாமந்தி? ஓராண்டு கழித்து. அது நடமாடும் உயிர். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து நகர்ந்து வேவ்மேக்கரில் போய் அரைபட்டு, கூடவே தொட்டியையும் கெடுத்துவிடும். அது இல்லாமலே கோமாளி மீன் நிம்மதியாக வாழும். சில சமயம் காளான் பவளத்தையே மெத்தையாக்கிக்கொள்ளும். வர்தாவில் பிழைத்த என் மீன் அப்படித்தான் இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஐம்பதாயிரம் போதுமா என்றால், சில்லர், தண்ணீர், பம்பு, கல், உப்பு, அளவுக் கருவிகள் வரைக்கும் இழுத்துப் பிடித்து வந்துவிடலாம். அதோடு கை காலியாகிவிடும். மீனுக்கும் பவளத்துக்கும் இருக்காது. அதில் கெடுதல் ஒன்றுமில்லை. சுழற்சி முடிந்து பாசி அடங்கவே நான்கு மாதம் ஆகும், அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் கடைக்குப் போக வேண்டாம். இருபது லிட்டர் வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டி வைக்க நினைக்கும் அதே இடத்தில், உங்கள் பழைய பம்பு ஒன்றை ஓடவிட்டு வையுங்கள். காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் வெப்பமானியைப் பார்த்துப் பத்து நாள் குறித்து அனுப்புங்கள். சில்லரின் அளவை அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.